துண்டுக்கு அடியில்

— வேலு உன்னைய சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போறானாமே, அந்த மதிப்பு போடுற வகுப்புக்கு. முன்னாடி கம்பியில உக்காந்துக்கிட்டுப் போறியாம். ஊரே சிரிக்குது, சீனி.

— முன்னாடி இல்ல கமாலுதீன் நானா, பின்னாடி. ஊரு ஒண்ணும் சிரிக்கல. இந்த பாய்லர் கதவைக் கொஞ்சம் பிடிங்க. உள்ள போய்ட்டு வந்தா முதுகு நிமிர மாட்டேங்குது.

— நிமிராதுலா. படிப்பு பாரம். பினாங்குல பாதி நெல்லு மில்லுக்கும் ஐஸ் பட்டறைக்கும் அச்சு மிசினுக்கும் மதிப்பு போட்டது யாரு? நீயும் இந்தக் கமாலுதீனும். அப்ப எவன் சர்ட்டிபிகேட்டு கேட்டான்?

— இப்ப கேக்குறாங்களே. அடுத்த மாசத்துலேர்ந்து வகுப்புக்கு வராத ஆளு போட்ட மதிப்பை ஏலக்காரங்க எடுக்க மாட்டாங்க. வேலு எப்பவோ பாஸ் பண்ணிட்டான். அவனே வருஷா வருஷம் வந்து உக்காரணும்.

— பாஸ் பண்ணவனுக்கு மறுபடி எதுக்குடா படிப்பு? சுன்னத்துப் பண்ணவனுக்கு மறுபடியும் பண்ணுவாங்களா?

— மிசினு மாறுது நானா. எண்ணெய் இஞ்சின் வருது, கரண்டு மோட்டார் வருது. போன வகுப்புல ஒரு டீசல் பம்பையே கழட்டிக் காட்டுனாங்க.

— யாரு கழட்டுனது?

— வேலுதான்.

— அதானே. அவன் கழட்டுவான், நீ வாயப் பொளந்துக்கிட்டுப் பார்ப்பே. என் கூட ஒரு கோப்பி குடிக்கக் கூப்பிட்டா மட்டும் உனக்கு நேரம் இல்ல. ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காமச் சொல்லு. அவன் கூட துண்டு போட்டியா?

— என்ன துண்டு?

— தெரியாத மாதிரி கேக்காதே. என் தோள்ல கிடக்கே, இந்தத் துண்டு. முதலாளி தவுக்கே எதிர்ல நிக்கிறப்போ இதுக்கு அடியிலதானே என் விரலைப் பிடிச்சு விலை சொல்வே? ஒரு விரலுக்கு நூறு வெள்ளி. நீ பிடிக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும், நான்தான் வாய் திறந்து சொல்வேன். அதை அந்த வேலுவுக்கும் பழக்கிட்டியா?

— அல்லாவே! அங்க துண்டே கிடையாது நானா. ஆளாளுக்குத் தனியாப் பார்க்கணும். அவனவன் மதிப்பை எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லணும். ஏன் அந்த விலைன்னு காரணமும் சொல்லணும். ரெண்டு மதிப்புக்காரன் துணிக்குள்ள ரகசியம் பேசினா, சாமானுக்குச் சொந்தக்காரன் எப்படி நம்புவான்னு கேக்குறாங்க.

— வேலு கேட்டானா?

— வாத்தியாரு கேட்டாரு.

— வேலுதான் சொல்லிக் குடுத்திருப்பான். அவனுக்கு இப்படி ஒரு கூட்டாளி அமையல. அந்த வயித்தெரிச்சல்.

— யாருக்கு வயித்தெரிச்சல்னு எனக்குத் தெரியல நானா.

— வாய் நீளுது. சரி, சுங்கை பினாங்கு மர மில்லுல என்ன செஞ்சே?

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

— எதுக்கா? துண்டுக்கு அடியில நாலு விரலைப் பிடிச்சே. நான் நானூறுன்னு சத்தமாச் சொன்னேன். ஏலத்துல ஒரு பய கிட்ட வரல. கிழவனுக்குப் புத்தி மழுங்கிருச்சுன்னு பாசார் பூராவும் பேச்சு.

— நான் ரெண்டு விரல்தான் பிடிச்சேன்.

— பொய்யி! வேணும்னே மாத்திப் பிடிச்சே. கிழவனைக் கவுத்துட்டா அப்புறம் நாம ரெண்டு பேரும் ஜோடின்னு அவன் ஓதியிருப்பான். நீயும் தலையாட்டியிருப்பே.

— அப்படி நினைக்கிறவன் இன்னிக்கு எதுக்கு ஃபெரி ஏறி பாகான் டாலாம் வரைக்கும் உங்க கூட வரணும்? புழுதியில கிடந்து இந்த பாய்லருக்குள்ள எதுக்கு நுழையணும்? அது கிடக்கட்டும். உள்ளங்கையில என்ன இவ்வளவு பெரிய கொப்புளம்?

— எங்கே? ஓ, இதுவா. காலையில கோப்பிக் கடை கேத்தல்ல பட்டிருக்கும்.

— பட்டிருக்குமா? பட்டது தெரியலையா உங்களுக்கு?

— பேச்சை மாத்தாதே. வெளியே தவுக்கே உக்காந்திருக்கான், இந்த பாய்லருக்கு என்ன பெறும்னு கேக்க. பழையபடி துண்டு போடுவோம், ரெண்டு பேருக்கும் ஒரே விலை. இன்னியோட அந்த வகுப்பை விட்டுரு. சைக்கிளையும் விட்டுரு. எனக்கு அவ்வளவுதான் வேணும்.

— நீங்களும் வாங்க நானா. உங்க பேரையும் குடுத்து வச்சிருக்கேன். எழுதப் படிக்கத் தெரியணும்னு இல்ல.

— வேலுவோட ஒரே பெஞ்சியில நான் உக்காரணுமா? மௌத்தாப் போனாலும் மாட்டேன். அப்படி என்னதான்டா இருக்கு அங்க?

— அங்க கை வேணாம் நானா. வாயால சொன்னாப் போதும்.

— ஏன், கைக்கு என்ன கேடு?

— நானா, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க...

— கைக்கு என்ன கேடுன்னு கேக்குறேன்! எவனும் எனக்கு வாயால சொல்ல வேணாம். கையைப் பிடிச்சாலே மெய்யா பொய்யான்னு சொல்லிருவேன். இந்தா, துண்டைப் போட்டுட்டேன். உள்ள போய்ப் பார்த்தது நீதானே? என்ன பெறும்னு விரல்ல சொல்லு. இந்தத் தடவை எப்படி ஏமாத்துறேன்னு பார்க்குறேன்.

— வேணாம் நானா.

— பயமா?

— சரி. கையை நீட்டுங்க.

— இரு, கண்ணை மூடிக்கிறேன். கண்ணு திறந்திருந்தா மனசு ஓடும். ம்... ம். மூணு. மூணு விரல் பிடிச்சிருக்கே, கெட்டியா. முந்நூறு. நானும் அதைத்தான்டா நினைச்சேன்! பார்த்தியா, அவன் பக்கத்துல அத்தனை வகுப்பு உக்காந்தும் உன் பிடி மாறல. நீ இன்னும் என் சீனிதான்லா. வா, தவுக்கேகிட்ட சொல்வோம். என்னடா? ஏன் அப்படிப் பார்க்குறே?

— துண்டைத் தூக்கிப் பாருங்க நானா. நான் இன்னும் உங்க கையைத் தொடவே இல்ல.