நாயகி மாறிய வாரம்

மாமனார்: ...அதெல்லாம் அந்தக் காலத்து சீரியல், மாப்ள. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம். பாத்துட்டு மிச்ச ஆறு நாளும் அதையே மென்னுட்டு இருப்போம்.

மருமகன்: இப்ப வாரத்துல ஆறு நாள் வருது. மெல்றதுக்கு ஒரு நாள்தான் லீவு. மாமா, அந்த நீட்டு ஸ்க்ரூ ஒண்ணு எடுத்துக் குடுங்க.

மாமனார்: இந்தாங்க.

மருமகன்: இது ரிமோட்டுக்குப் போடற பேட்டரி.

மாமனார்: ...நீளம் ஒண்ணுதான?

மருமகன்: நீளம் சரியாத்தான் இருக்கு. சுவத்துல முறுக்கினா ஏறாது.

மாமனார்: அப்ப நீங்களே இறங்கி எடுத்துக்கோங்க. ஸ்டூல்மேல ஏறினதும் அதிகாரம் வந்துடுது. இந்த டிவி இல்லன்னு யார் அழுதா? பழசே நல்லாத்தான் ஓடிட்டு இருந்தது.

மருமகன்: கடையில ஆளுக்கு ஒண்ணு பாதி விலைக்குக் குடுத்தாங்க, மாமா. எங்க வீட்டுல மாட்ட சுவர் பத்தாது. சரி, சொல்லுங்க. பழசுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?

மாமனார்: 'ஏழாம் நம்பர் வீடு'. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். துப்பறியறவர் ஒருத்தர் வருவார். பழுப்பு கோட்டு. கோட்டுல எல்லாப் பட்டனும் வெள்ளை, மேல இருந்து ரெண்டாவது மட்டும் கறுப்பு. முதல் வாரமே கவனிச்சேன் நான். அந்தப் பட்டன்லதான் கொலையோட முடிச்சே இருக்குன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

மருமகன்: இருந்ததா?

மாமனார்: இல்ல. தையல்காரர்கிட்ட வெள்ளைப் பட்டன் தீந்துபோச்சு போல.

மருமகன்: கொலை பண்ணது யாரு?

மாமனார்: தெரியாது. கடைசி வாரம் கரண்ட் இல்ல. அன்னிக்கு யாரையும் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். இன்னிக்கு வரைக்கும் கேக்கல. எப்பவாவது மறுபடி போடுவான்ல, அப்ப நானே...

அத்தை: தோட்டக்காரர்தான்.

மாமனார்: என்னது?

அத்தை: தோட்டக்காரர்தாங்க கொன்னது. எதிர்வீட்டுல அப்பவே சொன்னாங்க.

மாமனார்: அடுப்படில வேலையப் பாக்கறியா நீ? முப்பது வருஷமாக் கட்டிக் காப்பாத்தி வெச்சிருந்தேன். டீயக் கொதிக்க விட்டுட்டுக் கெடுத்துட்டா.

மருமகன்: ரத்த அழுத்தம் ஏத்திக்காதீங்க, மாமா. தோட்டக்காரர் எப்படி இருப்பார்?

மாமனார்: கட்டைமீசை. இடது காதுல பென்சில் சொருகியிருப்பார். தோட்டக்காரருக்கு எதுக்குப் பென்சில்னு எனக்கு அப்பவே ஒரு உறுத்தல்... சே. இருந்திருக்கு பாருங்க. நான்தான் பட்டனைப் பிடிச்சுத் தொங்கிட்டேன்.

மருமகன்: இந்தச் சட்டம் நேரா இருக்கா பாருங்க. டிவி இதுலதான் உக்காரணும்.

மாமனார்: கச்சிதமா இருக்கு.

மருமகன்: சரி... நான் இப்ப 'பதினோராம் தளம்' பாக்கறேன், மாமா. போன்ல வருதே, அது. எட்டு பாகம். ஒரே மூச்சுல பாத்துடலாம்.

மாமனார்: பாத்தேனே. போன தடவை வந்தப்ப போட்டுக் காட்டினீங்களே. ஒருத்தன் ஜன்னல்கிட்ட போய் நிக்கறான். பத்து நிமிஷம் பேச்சு மூச்சு இல்ல. என்னதான் நடக்குது அதுல?

மருமகன்: அவன் முகத்துல நடக்குது, மாமா. பூரா முகத்துலதான்.

மாமனார்: முகத்துல நடந்தா? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவான்? எங்க சீரியல்ல பாருங்க, வில்லி மனசுக்குள்ள நினைக்கறதக்கூட சத்தமா நினைப்பா. பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்காது. அது ஒழுக்கம்.

மருமகன்: எங்க சீரியல்னா, 'விடியாத வாசல்' தானே?

மாமனார்: பின்ன? மூணு வருஷமா ஒரு நாள் விட்டதில்ல. உங்க அத்தை பக்கத்துல உக்காந்தா மட்டும் நிம்மதியாப் பாக்க முடியாது. "ஐயோ கதவுக்குப் பின்னாடி நிக்கறா பாரு, கையில கடுதாசி பாரு, மஞ்சளா ஏதோ மாட்டியிருக்கா பாரு"ன்னு ஓயாத வர்ணனை. எனக்குக் கண்ணு இல்லையா?

மருமகன்: போன வாரம் நிம்மதியாப் பாத்திருப்பீங்க. அத்தைதான் எங்க வீட்டுல இருந்தாங்களே.

மாமனார்: ஆமா. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு அங்க போயிட்டா. இப்ப எப்படி இருக்கா குட்டி?

மருமகன்: நல்லாயிட்டா. திங்கக்கிழமை ஸ்கூல் சேரணுமே. நீங்க ஓட்டற வேன்ல போறதுக்கு இப்பவே பையத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்கறா. தாத்தா வண்டி, தாத்தா வண்டின்னு. ...போன வாரக் கதையச் சொல்லுங்க, கேப்போம்.

மாமனார்: என்னத்தச் சொல்ல? செவ்வாக்கிழமை மூத்த மருமகள மாடியில இருந்து தள்ளி விட்டாங்களா... வில்லிதான். செருப்புச் சத்தம் டக் டக்னு வந்து, நின்னுச்சு. அது நின்னாலே யாரோ தொலைஞ்சாங்கன்னு அர்த்தம். மேளம் மூணு தடவ முழங்குச்சு. புதன்கிழமை மருமக ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வர்றா. கதவு கிரீச்சுங்குது. வீடே கப்சிப். "நான் சாகலை அத்தை"ன்னா பாருங்க. எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு.

மருமகன்: அந்தப் பொண்ணு எப்படிச் செஞ்சிருந்தது?

மாமனார்: அதைக் கேக்கணுமா? கண்ணுலயே பேசற பொண்ணு அது. அந்த உயரத்துக்கும் களைக்கும் வேற யாரு பொருந்துவா? மூணு வருஷமா அதே முகம், ஒரு நாள் சலிச்சதா?

மருமகன்: அதே முகமா, மாமா?

மாமனார்: பின்ன, வாரத்துக்கு ஒரு முகமா வெச்சுக்குவாங்க?

மருமகன்: ...

மாமனார்: என்ன, ஸ்க்ரூ விழுந்துடுச்சா?

மருமகன்: இல்ல. மாமா, உயரமான பொண்ணு செவ்வாக்கிழமையோட போயாச்சு. புதன்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வந்தது வேற பொண்ணு. குள்ளம். உருண்டை முகம், ரெண்டு கன்னத்துலயும் குழி. "இனி இவருக்குப் பதில் இவர்"னு கீழ எழுத்தாப் போட்டாங்க.

மாமனார்: குள்ளமா?

மருமகன்: மாடியில இருந்து விழுந்து ஒரு சாண் குறைஞ்சு வந்திருக்கா. வீட்டுல ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. அவ்வளவு நாகரிகமான குடும்பம். அந்தப் பொண்ணுக்கு டப்பிங் குரல் குடுக்கறவங்க மட்டும் மாறல. அதே குரல்.

மாமனார்: அது... அந்த நேரத்துல நான் தண்ணி குடிக்க எழுந்து போயிருப்பேன்.

மருமகன்: புதன்ல இருந்து சனி வரைக்குமா?

மாமனார்: வெயில் காலம்.

மருமகன்: மாமா.

மாமனார்: உங்களுக்கு வேற வேலை இல்லையா? டிவி மாட்ட வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?

மருமகன்: ...ரெண்டுக்கும்தான். போன வாரம் தினமும் சீரியல் முடிஞ்சதும் அத்தைக்குப் போன் பண்ணி கதைய அலசினீங்களே. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. மேளம் எத்தன தடவ அடிச்சதுன்னுகூடச் சொன்னீங்க. நாயகி மாறினத மட்டும் சொல்லவே இல்ல. கோட்டுப் பட்டன் கறுப்பா வெள்ளையான்னு பாத்த ஆளு நீங்க. நாலு நாள் காத்திருந்தேன், இன்னிக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார்னு. கடையில பாதி விலை, கால் விலைன்னெல்லாம் எதுவும் குடுக்கல. முழு விலைக்குத்தான் வாங்கினேன். வர ஒரு சாக்கு வேணும்ல.

மாமனார்: முழு விலைக்கா?

மருமகன்: இந்தச் சட்டமும் நேரா இல்ல. இதுமேல பென்சில் வெச்சா உருண்டு ஓடிடும். கச்சிதம்னீங்க.

மாமனார்: மெதுவாப் பேசுங்க. உள்ள கேக்கும்.

மருமகன்: எவ்வளவு தெரியுது, மாமா?

மாமனார்: தெரியுது, தெரியுது. இருட்டெல்லாம் இல்ல. ஆள் நிக்கறது தெரியும். யாருன்னு குரல் குடுத்தாத்தான்... ஈரத்துணியக் காயப் போட்டு அதுக்குப் பின்னாடி நிக்கற மாதிரி இருக்காங்க எல்லாரும். நீங்களும்தான். கல்யாணத்தப்பவே அப்படித்தான் இருந்தீங்கன்னு வெச்சுக்கோங்க.

மருமகன்: சிரிக்க வராது மாமா இப்ப. டாக்டர்கிட்ட போனீங்களா?

மாமனார்: போனா ஒரு பேர் வெச்சிடுவார். இப்போதைக்கு வயசாகுதுன்னு சொல்லிச் சமாளிக்கிறேன். அவர் பேர் வெச்சிட்டா அப்புறம் அதுதான்.

மருமகன்: நான் சுத்தி வளைக்கல. திங்கக்கிழமை பாப்பா உங்க வேன்ல ஏறணும். அவ மட்டும் இல்ல, ஒரு வண்டிக் குழந்தைங்க. எதிர்ல வர்ற லாரி குரல் குடுக்காது. தயவுசெஞ்சு சாவிய என்கிட்ட குடுத்துடுங்க. நீங்க வேணாம், ஓனர்கிட்ட நான் போய்ப் பேசறேன். கோவப்பட்டாலும் பரவாயில்ல.

மாமனார்: சாவி என்கிட்ட இல்ல.

மருமகன்: மாமா...

மாமனார்: நிஜமாவே இல்ல, மாப்ள. நான் ஓட்டி மூணு மாசம் ஆச்சு.

மருமகன்: காலையில காக்கிச் சட்டை போட்டுட்டுக் கிளம்பறீங்களே?

மாமனார்: சட்டை அதேதான். ஸீட்டுதான் மாறிடுச்சு. இப்ப கதவுகிட்ட நிக்கறேன். ஹெல்பர். கதவத் திறக்கறது, பையத் தூக்கி விடறது, ஏறினவங்கள எண்ணறது. ஓட்டறது ஒரு இளவட்டம். பெரியவரே, பெரியவரேங்கறான். கியர் மாத்தறப்ப வண்டி முனகறது அவன் காதுலயே விழாது. பின்னாடி இருந்து "ரெண்டுல போடு"ன்னு நான் சொல்லணும்.

மருமகன்: இதை எதுக்கு மறைச்சீங்க?

மாமனார்: என்னன்னு சொல்ல? மாப்பிள்ளை வீட்டுல, சம்பந்திகிட்ட எல்லாம் டிரைவர்னு சொல்லித்தான பொண்ணு குடுத்தேன்? ஓட்டத் தெரிஞ்சவன் கதவு திறந்து விடறேன்னு எப்படி... உங்களுக்குச் சொன்னா புரியாது. ஸ்டியரிங் பிடிச்ச கை சும்மா தொங்கறது ஒரு மாதிரி இருக்கும்.

மருமகன்: குழந்தைங்க?

மாமனார்: அது ஒண்ணுதான் குறை இல்ல. அத்தன பேரையும் குரல் வெச்சே தெரியும். ஒருத்தி படி ஏறறப்ப எல்லாம் மூக்க உறிஞ்சுவா. ஒருத்தன் ஒத்தக் கால்லதான் குதிச்சு ஏறுவான். வராத குழந்தை எதுன்னு எண்ணறதுக்கு முந்தியே சொல்லிடுவேன். ஓட்டறப்ப கண்ணாடியில தலைங்கதான் தெரியும். இப்பத்தான் ஒவ்வொண்ணும் என்ன பேசுதுன்னே தெரியுது.

மருமகன்: அப்ப பாப்பாவ நீங்கதான் ஏத்திவிடப் போறீங்க.

மாமனார்: தாத்தா ஓட்டறார்னு சொல்லி வெச்சிருக்கீங்களே அவகிட்ட.

மருமகன்: தாத்தா வண்டின்னுதான் சொன்னோம். யார் ஓட்டினா அவளுக்கென்ன, கதவத் திறக்கறவர்தான் பெரிய ஆள். நான் ஓனர்கிட்ட போகத் தேவையில்லன்னு ஆச்சு.

மாமனார்: நானே ஓனர்கிட்ட சொல்லத்தான் போனேன், தெரியுமா? ஆபீஸ் வாசல்ல நின்னு தொண்டையச் செருமிட்டு இருந்தேன். உள்ள போய் உக்காந்ததும் அவரே ஆரம்பிச்சுட்டார். "வண்டிக்கு ஒரு பெரியவர் கதவுகிட்ட நிக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம், உங்களவிட்டா அனுபவம் யாருக்கு இருக்கு"ன்னார். கடவுளாப் பாத்து அவர் வாயில வர வெச்சுட்டார்.

மருமகன்: நல்ல முடிவு. எல்லா வண்டிக்கும் போட்டாச்சா?

மாமனார்: ...எங்க வண்டிக்கு மட்டும்தான் போட்டிருக்கு. மத்ததுக்கு இன்னும் யோசிக்கிறாங்களாம்.

மருமகன்: மூணு மாசமாவா?

மாமனார்: யோசிக்க நேரம் ஆகும்ல. ...மாப்ள, ஒரு ஒத்தாசை. உங்க அத்தைக்கு இது தெரிய வேணாம். ராத்திரி தூங்க மாட்டா. டாக்டர்கிட்ட நீங்களும் நானும் போயிட்டு வந்துடலாம். சினிமாவுக்குப் போறோம்னு சொல்லிக்கலாம்.

மருமகன்: மாமா...

மாமனார்: பேர் வெச்சாலும் வெக்கட்டும், நீங்க பக்கத்துல இருங்க. அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க.

மருமகன்: மாமா, அத்தை நிக்கறாங்க. உங்களுக்குப் பின்னாடி.

மாமனார்: ...எவ்வளவு நேரமா நிக்கற?

அத்தை: டீ ஆறிப் போச்சு. அவ்வளவு நேரமா.

மாமனார்: அது வந்து... நானே உன்கிட்ட பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேன். ஓனர்கிட்டயே நான் வாயத் திறந்து சொல்லத்தான் போனவன், அதுக்குள்ள அவர்...

அத்தை: திறக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் முந்தின நாளே நான் போய் அவர்கிட்ட பேசிட்டு வந்தேன். இந்தாங்க, டம்ளரைப் பிடிங்க... இடது பக்கம். இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்.