காபிக்கு வந்துட்டுப் போங்க

ஒடிலோன்: பன்னண்டு நாள் ஆச்சு, டோனா நில்ஸா. பன்னண்டு நாள்!

நில்ஸா: கவுண்டரைத் தட்டாதீங்க, ரத்தக் குப்பியெல்லாம் குதிக்குது. பன்னண்டு நாளா என்ன?

ஒடிலோன்: வரும்னு சொன்ன தேதி போயும் உங்க லேப்லேருந்து ஒரு மெசேஜ் வரலை. இந்தக் கழுத்துக் கட்டியிலேருந்து துளி வெட்டி எடுத்து அனுப்பினாங்களே... அதோட ரிசல்ட்.

நில்ஸா: அது வந்துதான் பன்னண்டு நாள் ஆச்சு. வந்த அன்னிக்கே உங்களுக்கு மெசேஜ் அனுப்பிட்டேனே!

ஒடிலோன்: வரலைங்கறேன்.

நில்ஸா: அனுப்பினேங்கறேன்.

ஒடிலோன்: என் போனுக்கு எல்லாம் வருது. டிராக்டரே இல்லாதவனுக்கு டிராக்டர் டயர் தள்ளுபடின்னு வருது. உங்ககிட்டேருந்து மட்டும் வரலை.

நில்ஸா: அப்போ ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?

ஒடிலோன்: எப்படிக் கேக்குறது... ஊர்ல என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நல்லதுன்னா லேப்லேருந்து மெசேஜ் வரும். கெட்டதுன்னா டாக்டரே போன் பண்ணுவாங்க. ரெண்டும் வரலைன்னா...

நில்ஸா: வரலைன்னா?

ஒடிலோன்: சொல்ல வாய் வரலைன்னு அர்த்தம்.

நில்ஸா: அடக் கடவுளே! யார் கட்டிவிட்ட கதை இது? நல்லதோ கெட்டதோ, எல்லாருக்கும் போறது ஒரே மெசேஜ்தான். ரிசல்ட் ஒட்டின கவர்ல வரும், எனக்கே உள்ள என்னன்னு தெரியாது... ஆமா, அது என்ன பை?

ஒடிலோன்: ஒண்ணுமில்ல.

நில்ஸா: ஒண்ணுமில்லாத பை இப்படியா உப்பியிருக்கும்?

ஒடிலோன்: ரெண்டு சட்டை, ஒரு போர்வை, பல் பிரஷ். ரெண்டு மணி பஸ்ல பெலோ ஹொரிசோன்டே போய், பெரிய ஆஸ்பத்திரியில படுத்துடலாம்னு.

நில்ஸா: கவரைப் பிரிச்சுக்கூடப் பாக்காமலா! பசுக்களை யார் பாத்துப்பா?

ஒடிலோன்: டெர்வால்கிட்ட பேசிட்டேன். சாயங்காலம் லாரி கொண்டு வந்து மொத்தமா ஏத்திட்டுப் போயிடுவான்.

நில்ஸா: வித்துட்டீங்களா? மிமோசாவையுமா?

ஒடிலோன்: அவளை ஏத்தும்போது நான் அங்க இருக்கக் கூடாதுன்னுதான் ரெண்டு மணி பஸ்.

நில்ஸா: ஒரு நிமிஷம் இருங்க. அலமாரியிலதான் இருக்கு, கவரை எடுத்துட்டு வர்றேன்...

ஒடிலோன்: வேண்டாம், வேண்டாம்! முதல்ல அந்த மெசேஜ் ஏன் வரலைன்னு பாருங்க.

நில்ஸா: பயமா?

ஒடிலோன்: பயமெல்லாம் இல்ல. எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல.

நில்ஸா: சரி, முறைப்படியே பாப்போம். ஒடிலோன்... ஒடிலோன்... ம், இதோ. 'சென்று சேரவில்லை.'

ஒடிலோன்: பாத்தீங்களா!

நில்ஸா: இருங்க, கீழ காரணம் போட்டிருக்கு. 'பெறுநர் இந்த நிறுவனத்தின் விளம்பரங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்.'

ஒடிலோன்: விளம்பரமா? என் கழுத்துக் கட்டி உங்களுக்கு விளம்பரமா?

நில்ஸா: கத்தாதீங்க, எனக்கும் புரியலை. நான் அனுப்பினது அறிவிப்பு. 'உங்கள் முடிவு தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்'... ஓ.

ஒடிலோன்: என்ன 'ஓ'?

நில்ஸா: ஒண்ணுமில்ல.

ஒடிலோன்: உங்க ஒண்ணுமில்லையும் உப்பித்தான் இருக்கு.

நில்ஸா: அந்த மெசேஜோட கடைசியில ஒரு வரி உண்டு. 'காபிக்கு வந்துட்டுப் போங்க'ன்னு.

ஒடிலோன்: அதுல என்ன தப்பு? நம்ம ஊர்ல கடன்காரனைக்கூட அப்படிச் சொல்லித்தானே அனுப்புவோம்.

நில்ஸா: நமக்குத் தெரியும். மெசேஜ் கம்பெனிக்காரனோட மிஷினுக்குத் தெரியுமா? அவன் ஒவ்வொரு மெசேஜையும் படிச்சு ரகம் பிரிப்பான். ரகத்துக்கு ஒரு விலை. ரிசல்ட் தயார், நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க... இதெல்லாம் அறிவிப்பு, நாலு சென்டாவோ காசு. வாங்க, வாங்கன்னு கடைக்குக் கூப்பிட்டா விளம்பரம், முப்பத்தஞ்சு.

ஒடிலோன்: ஒரு வாய் காபிக்கு முப்பத்தஞ்சா!

நில்ஸா: விலையோட போனாப் பரவாயில்ல. விளம்பரத்தை வேண்டாம்னு நிறுத்துற உரிமை வாங்குறவங்களுக்கு உண்டு. அறிவிப்பா போயிருந்தா உங்களுக்குக் கண்டிப்பா வந்திருக்கும். அந்த வரியால விளம்பரமாயிடுச்சு. நீங்க நிறுத்தி வச்சிருக்கீங்க. கதவு மூடிடுச்சு... ஆமா, ஏன் நிறுத்தினீங்க?

ஒடிலோன்: கை பட்டிருக்கும்.

நில்ஸா: கை பட்டா நிக்காது. நிறுத்தவான்னு கேக்கும், ஆமான்னு இன்னொரு தடவை அழுத்தணும்.

ஒடிலோன்: ரெண்டு தடவை பட்டிருக்கும்.

நில்ஸா: இந்த ஊர்லயே நிறுத்தினது நீங்க ஒருத்தர்தான், தெரியுமா? லிஸ்ட்ல வேற ஒரு பேர் இல்ல.

ஒடிலோன்: அந்தக் கவரை எடுங்க, டோனா நில்ஸா. இதுக்கு அதுவே மேல்.

நில்ஸா: இந்தாங்க. பன்னண்டு நாளா அலமாரியைத் திறக்கிறப்பெல்லாம் இதுதான் முதல்ல கண்ல படும். நீங்க மெசேஜைப் பாத்துட்டும் வரலைன்னுதான் நான்...

ஒடிலோன்: நீங்க?

நில்ஸா: பிரிங்க முதல்ல.

ஒடிலோன்: கை வரமாட்டேங்குது. நீங்க பிரிங்க.

நில்ஸா: எனக்கு அனுமதி இல்ல. டாக்டர்! டாக்டர் லியோகாடியா! கொஞ்சம் வாங்களேன்!

டாக்டர்: நானே உன்னைத் தேடித்தான் வர்றேன், நில்ஸா. இந்த பில்லைப் பாரு...

நில்ஸா: பில் இருக்கட்டும் டாக்டர். முதல்ல இது.

டாக்டர்: ஒடிலோனா? இன்னுமா இதை வாங்கலை? கொடுங்க... ம்... ம்ம்...

ஒடிலோன்: அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?

டாக்டர்: கண்ணாடியை மாத்திப் போட்டுட்டேன்னு அர்த்தம். இருங்க. ம்... வெறும் கொழுப்புக் கட்டி.

ஒடிலோன்: அப்படின்னா?

டாக்டர்: அப்படின்னா ஒண்ணுமே இல்ல. புத்துநோய் இல்ல. உறுத்தினா எடுத்துடலாம், இல்லேன்னா அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.

ஒடிலோன்: இன்னொரு தடவை சொல்லுங்க.

டாக்டர்: புத்துநோய் இல்ல.

ஒடிலோன்: இன்னும் ஒரே ஒரு தடவை.

டாக்டர்: இல்ல, இல்ல, இல்ல! மூணு தடவை சொல்லிட்டேன், போதுமா? அட, ஏன் தரையில உக்காந்துட்டீங்க?

ஒடிலோன்: கொஞ்சம் உக்காந்துக்கறேன் டாக்டர். பன்னண்டு நாளா தூக்கமில்ல... அப்பாடா. அப்பாடா...

டாக்டர்: ரிசல்ட் அவருது. நீ ஏன் நில்ஸா மேஜையைப் பிடிச்சுட்டு நிக்கிற?

நில்ஸா: தலை சுத்துச்சு. காலையில சாப்பிடலை.

டாக்டர்: காபியாவது குடிச்சுத் தொலை, அதுதான் ஆறா ஓடுதே இங்க. சரி, இப்போ பில்லுக்கு வா. மூணு மாசமா ஏறிட்டே போகுது. அறிவிப்பா போக வேண்டியதெல்லாம் விளம்பரமா போயிருக்கு. அந்தக் காபி வரியை யார் சேர்த்தது?

நில்ஸா: அது வந்து, டாக்டர்...

ஒடிலோன்: நான்தான்.

டாக்டர்: நீங்களா?

ஒடிலோன்: நான்தான் சொன்னேன். ரத்தம் எடுக்க வந்தப்போ. ஊர்க்காரங்களுக்கு எழுதுறீங்க, ஒரு காபிக்குக்கூடக் கூப்பிடாம இப்படி மொட்டையாவா எழுதுறதுன்னு. இவங்க பாவம், நான் சொன்னதைத் தட்ட முடியாம...

டாக்டர்: நல்லாத்தான் சொன்னீங்க. அது பண்ணின வேலையில உங்க ரிசல்ட்டே உங்களுக்கு வந்து சேரலை. நில்ஸா, சாயங்காலத்துக்குள்ள அந்த வரியை எடுத்துடு. காபி இருக்கட்டும், வரி வேண்டாம்.

நில்ஸா: எடுத்துடறேன் டாக்டர்.

டாக்டர்: அந்தக் கட்டியைப் போட்டு அமுக்கிட்டே இருக்காதீங்க, ஒடிலோன். நான் உள்ள போறேன்.

நில்ஸா: ...எதுக்குப் பொய் சொன்னீங்க?

ஒடிலோன்: சந்தோஷத்துல வந்துடுச்சு. ஐயோ, டெர்வால்! மணி என்ன? இருங்க... ஹலோ, டெர்வாலா? லாரியைத் திருப்பு. திருப்புங்கறேன்! ஆமா, சாகலை. அதுக்கு ஏன்டா இப்படி வருத்தப்படுற? மிமோசா பக்கத்துல போனே, முட்டச் சொல்லிடுவேன். வை போனை.

நில்ஸா: என்ன சொன்னான்?

ஒடிலோன்: வேலியெல்லாம் பலமாக் கட்டி வச்சுட்டானாம். கட்டினது கட்டினபடியே இருக்கட்டும்னேன்.

நில்ஸா: சிரிக்கிறீங்களே, இந்த முகத்தைப் பாத்து எவ்ளோ நாள் ஆச்சு. இப்பவாவது சொல்லுங்க. ஏன் நிறுத்தினீங்க?

ஒடிலோன்: விட மாட்டீங்களா?

நில்ஸா: மாட்டேன்.

ஒடிலோன்: சிரிக்கக் கூடாது.

நில்ஸா: சிரிக்கலை.

ஒடிலோன்: மார்ச்ல சர்க்கரை ரிசல்ட்டுக்கு மெசேஜ் வந்தது. அதுல 'காபிக்கு வந்துட்டுப் போங்க'. முன்ன வந்த எந்த மெசேஜ்லயும் அந்த வரி இல்ல. எனக்கு... நீங்க எனக்குன்னு எழுதினதுன்னு பட்டுது.

நில்ஸா: பட்டுதா? பட்டும் வரலையே நீங்க! ரிசல்ட்டைக்கூடப் பக்கத்துத் தோட்டத்துக்காரரை விட்டு வாங்கிட்டுப் போனீங்க!

ஒடிலோன்: வெறுங்கையோட எப்படி வர்றது? உங்களுக்குன்னு தனியா ஒரு சீஸ் போட்டேன். நல்லாப் பழுக்க இருபத்திரண்டு நாள் ஆகும். பழுக்க விட்டு, புதுச் சட்டை போட்டு, ஏப்ரல் பத்தாம் தேதி கிளம்பி வந்தேன்.

நில்ஸா: வந்தீங்களா? நான் பாக்கலையே!

ஒடிலோன்: வாசல் வரைக்கும். உள்ள முப்பது பேர். ஆளுக்கு ஒரு கப். ஒசோரியோ கிழவர் ரெண்டு கையிலயும் வச்சிருந்தார். எல்லாரையும் நீங்க இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கவனிச்சுட்டிருந்தீங்க. ஒருத்தன் போனைக் காட்டிப் படிக்கிறான், அதே வரி. ஊருக்கே போயிருக்கு! அப்படியே திரும்பி, படியிலேயே நின்னு ரெண்டு தடவை அழுத்தினேன்.

நில்ஸா: சீஸ்?

ஒடிலோன்: பாதிரியாருக்குக் கொடுத்துட்டேன். இப்பவும் கேக்குறார், இன்னொண்ணு கிடைக்குமான்னு... சிரிக்க மாட்டேன்னு சொன்னீங்க.

நில்ஸா: சிரிக்கலை. இருபத்திரண்டு நாளும் பத்து மணிக்குப் புதுசா காபி போட்டு வச்சேன். அதைத்தான் அந்த முப்பது பேரும் குடிச்சாங்க.

ஒடிலோன்: எதுக்கு?

நில்ஸா: உங்களுக்கு எங்க புரியப் போகுது! உங்க நம்பர் லேப் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதை என் சொந்த போன்ல போட்டா வேலை போயிடும். லேப் நம்பர்லேருந்து இஷ்டப்படி ஒருத்தருக்கு எழுதவும் முடியாது. கம்பெனிகிட்ட முன்னாடியே ஒப்புதல் வாங்கின வாசகம்தான் போகும், ஒரு எழுத்து மாத்த முடியாது. அதுவும் அடுத்தடுத்து எல்லாருக்கும் அதேதான் போகும்.

ஒடிலோன்: அப்போ லேப்காரங்க ஒரு மனுஷனுக்கு மனுஷன் மாதிரி எழுதவே முடியாதா?

நில்ஸா: முடியும். அந்த மனுஷன் முதல்ல எழுதணும். அவர் ஒரு வார்த்தை எழுதிட்டா, அப்போதிருந்து ஒரு முழு நாள் நாங்க என்ன வேணா பதில் எழுதலாம். காசே கிடையாது. ஆறு வருஷமா ரத்தம் கொடுக்க வர்றீங்க... ஒரு 'வணக்கம்' எழுதியிருக்கீங்களா?

ஒடிலோன்: இருங்க. கண்ணாடி எங்க... ம். அனுப்பிட்டேன்.

நில்ஸா: வந்துடுச்சு. 'காபி இருக்கா?' கேள்விக்குறி கூடப் போட்டிருக்கீங்க!

ஒடிலோன்: எவ்ளோ நேரமா எழுதுறீங்க?

நில்ஸா: ஒரு நாள் இருக்கு எனக்கு. இந்தாங்க, போயாச்சு. படிங்க.

ஒடிலோன்: 'ஞாயிற்றுக்கிழமை மூணு மணி. லேப்ல இல்ல, என் வீட்டுல. பச்சைக் கதவு. ஒசோரியோ வரமாட்டார்.'

நில்ஸா: சீஸ் பழுக்கட்டும்னு உக்காந்துடாதீங்க. பச்சையா இருந்தாலும் கொண்டு வாங்க.

ஒடிலோன்: வர்றேன், நில்ஸா.

நில்ஸா: 'டோனா'ங்கற மரியாதை எங்க போச்சு?

ஒடிலோன்: ரெண்டு மணி பஸ்ல போயிடுச்சு. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த வரியை என்னிக்குச் சேர்த்தீங்க?

நில்ஸா: மார்ச் பத்தொன்பது. சேர்த்துட்டு ஒப்புதல் வர்ற வரைக்கும் நகத்தைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

ஒடிலோன்: அன்னிக்குத்தானே எனக்கு சர்க்கரை ரிசல்ட் வந்தது? ஆனா அது எல்லாருக்கும் போற மெசேஜ்தானே... அன்னிக்கும் எத்தனையோ பேருக்குப் போயிருக்கும்.

நில்ஸா: அன்னிக்கு லேப்ல தயாரா இருந்த ரிசல்ட் ஒண்ணே ஒண்ணுதான், ஒடிலோன்.