கடைசி அறையில் ஒரு காலிக் கட்டில்

எனக்குத் தெரரே பானமே பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், ஐயா. இந்த ஜனவரிக் கோடை வெயிலில் ஐஸ் தண்ணீரும் அந்தக் கசப்பு இலையும் இல்லாமல் பராகுவேயில் யார் நாளைக் கடத்த முடியும்? வீட்டில் நானும் குடிக்கிறேன். என் கொம்புக் குவளை, என் உறிஞ்சுகுழல், என் வாய் மட்டும்.

ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. ஒரே குழல் வார்டு முழுக்க வாய்க்கு வாய் போகும். துடைத்துவிட்டுக் குடித்தால் கொடுத்தவருக்கு அவமானம். தொற்றுத் தடுப்புக்கு நான் பொறுப்பு. படித்துப் படித்துச் சொன்னேன்.

எலிஹியோ லாரி ஓட்டுபவர், தொடை எலும்பு முறிந்து வந்தவர். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அப்புறம் அவர் கட்டிலைச் சுற்றித்தான் வார்டே கூடும். ஒருநாள் நான் கண்டித்தபோது, எல்லார் முன்னாலும் குழலை என் பக்கம் திருப்பினார்.

"ஒரு வாய் உறிஞ்சுங்க சிஸ்டர். உங்க மூஞ்சியப் பாத்தா கிருமியே ஓடிரும். எங்களுக்கு என்ன ஆகிடப் போவுது?"

வார்டே சிரித்தது. தரை துடைக்கிற பெண்கூடச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரியாக இருந்தால் இந்த வேலையில் இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்க முடியாது.

அப்போது கடைசி அறையில் ஒரு கிழவர் தனியாகக் கிடந்தார். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. அது பரவியிருக்கிறதா என்று வார்டில் எல்லாருக்கும் பரிசோதனை செய்தோம். எலிஹியோவுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அவருடைய முடிவு என்ன என்று டாக்டர் கேட்டார். கிருமி இருக்கிறது என்றேன். ஒரே கிருமி உள்ளவர்களை ஒரே அறையில் வைப்பதுதான் முறை. கிழவருக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

எலிஹியோவை அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு போனதும் வார்டில் குழல்கள் பைக்குள் போய்விட்டன. நான் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காதது அது. எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அவர் மனைவி தெல்பினா கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நிற்பாள்.

"கட்டு நனைஞ்சு கிடக்கு சிஸ்டர். யாராவது உள்ள போய்ப் பாருங்களேன்."

மேலங்கி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போக என் நர்ஸ்களுக்குச் சலிப்பு. நான் போனேன், ஐயா. தினமும் நானே கட்டு மாற்றினேன். முதலில் கிழவருக்கு, பிறகு அவருக்கு. நடுவில் கையுறையை மாற்றவில்லை. ஊரார் எச்சிலெல்லாம் ஒரே குழலில் குடித்தவருக்கு ஒரே கையுறை என்ன பெரிய விஷயம்?

புண்ணில் சீழ் வைத்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. கடைசியில் என்னிடம் தண்ணீர்தான் கேட்டார். தனிக் குவளையில் கொடுத்தேன்.

அவர் இறந்த பிறகு, யாரும் கேட்காமலே, மறுபடி பரிசோதனைக்கு அனுப்பியவள் நான்தான். கிருமி இருந்தது. அதனால் நான் டாக்டரிடம் பொய் சொன்னதாக எழுதாதீர்கள், ஐயா. கொஞ்சம் முன்னாடியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.