உத்தரவாத அட்டையின் பதினேழாம் நிபந்தனை

இந்த அவைக்குத் தலைமையும், மேடைக்கு நாற்காலியும், எனக்குச் சம்பளமும் தந்துகொண்டிருக்கும் எங்கள் மிக்சி நிறுவனத்தின் முதலாளி அவர்களே! சந்தைச் சட்டத்தையும் நுகர்வோர் பாதுகாப்பையும் சல்லடை போட்டுச் சலித்து, இன்று பாராட்டுப் பெற வந்திருக்கும் வணிகவியல் பேராசிரியை அம்மையார் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பின்வரிசைத் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அம்மணி அவர்களே! அனைவர் பாதமும் பணிந்தேன்.

நான் யார்? பேச்சாளனா? பெரும்புலவனா? மிக்சிப் பெட்டிக்குள் ஓர் அட்டை இருக்குமே, அதன் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து இருக்குமே, அந்த எறும்புகளை வளர்ப்பவன் நான்! முன்பக்கம் ‘ஐந்தாண்டு உத்தரவாதம்’ என்று முழங்கும். பின்பக்கம் நாற்பது நிபந்தனைகள் முனகும். முழங்குவது முதலாளி, முனகுவது நான். கைதட்டாதீர்கள், பின்னால் வருத்தப்படுவீர்கள்.

பதினேழாம் நிபந்தனை என்ன தெரியுமா? ‘இந்த மிக்சியில் எதையேனும் அரைத்தால் உத்தரவாதம் செல்லாது.’ சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு அட்டையிலும் அதே வரி இருக்கிறது.

என் உடன்பிறந்த அக்கா, என் வாயை நம்பி ஒரு மிக்சி வாங்கினாள். ஒன்பதாம் நாள் மிளகு அரைத்தாள். மிக்சி புகைந்தது, அடுக்களை இருண்டது, அக்கா இருமிக்கொண்டே எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கவுன்டர் ஊழியர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பதினேழை வாசித்துக் காட்டினார்.

“அப்ப இத வச்சு என்னதான்யா பண்றது?”

“பாக்கலாம்மா. பாக்கிறதுக்குத் தடையே இல்ல.”

“இத எழுதின மகராசன் யாரு?”

அவர் என் மேசையைக் கை காட்டினார். நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

அன்று போனவள் நான்கு ஆண்டுகளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதம் போட்டேன், பிரிக்காமல் திருப்பினாள். போன் செய்தேன், எடுத்து, பெருமூச்சு விட்டு, வைத்தாள். அந்தப் பெருமூச்சுக்காகவே மறுபடியும் செய்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு இருப்பது ஒரே அக்கா.

மனம் கேட்கவில்லை. இருபத்து மூன்றாம் நிபந்தனையாக ஒரு வரி சேர்த்தேன்: ‘இதைப் படிப்பவர் கீழ்க்கண்ட எண்ணில் என்னை அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்கவும்.’ இரண்டு லட்சம் அட்டைகள் போயின. அழைத்தவர் எத்தனை பேர்? ஒருவர்! ஒரே ஒருவர்! இதோ அமர்ந்திருக்கும் பேராசிரியை! “சாப்டீங்களா?” என்றார். அழுதுவிட்டேன். “அழுதது போதும். பதினேழ யாரு எழுதச் சொன்னாங்க?” என்றார்.

அன்று தொடங்கியது ஆய்வு. அறுநூறு கதவுகளைத் தட்டினார். அறுநூறு பேரிடமும் “படிச்சீங்களா?” என்று கேட்டார். ஒரு வீட்டுக்காரர் பூதக்கண்ணாடி எடுக்கப் போய், அந்தப் பூதக்கண்ணாடியின் உத்தரவாத அட்டையையே படிக்க முடியாமல் வெறுங்கையோடு வந்தார். அம்மையார் கண்ட முடிவு என்ன? அச்சடித்தால் சொன்னதாகிவிடுமா? ஆகாது! வாங்குகிறவருக்கு விளங்கினால்தான் சொன்னதாகும்! கண்ணுக்கே தெரியாத எழுத்து, ஒரு குடும்பத்தின் கையைக் கட்டலாமா? கட்டக்கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டாமா?

நம் முதலாளி என்ன செய்தார்? தம் மிக்சியைப் பற்றிய ஆய்வு நானூறு பக்கப் புத்தகமாக வந்திருக்கிறது என்று பூரித்து, புத்தகத்தைத் திறக்காமலே இந்தப் பாராட்டு விழாவை ஏற்பாடு செய்துவிட்டார்!

“யோவ், அவன் மைக்க நிறுத்துங்கய்யா” என்கிறார் தலைவர். முடியாதே ஐயா! நீங்கள் கையெழுத்திட்ட நிகழ்ச்சி நிரலின் அடியில், ‘இவர் முடிக்கும்வரை மைக்கை நிறுத்தலாகாது’ என்று இருக்கிறதே! படிக்கவில்லையா? எழுத்து கொஞ்சம் சிறிசுதான்.

அவையோரே, உங்கள் அழைப்பிதழைத் திருப்புங்கள். கடைசி ஓரம். கண்ணாடியைப் போடுங்கள். ‘பழுதான மிக்சியோடு வருபவருக்குத் தலைவர் இந்த மேடையிலேயே புதியது வழங்குவார்.’ கீழே அவருடைய கையெழுத்து! அரங்கம் நிறைய வந்திருக்கிறீர்கள். மிக்சியோடு வந்தவர் எத்தனை பேர்? ஒருவர்தான். மூன்றாம் வரிசை. துணிப்பை.

அக்கா! நீ வருவாயோ மாட்டாயோ என்று தெரியாமல்தான் அந்த வரியை எழுதினேன். நான் எழுதுவதை ஓரம்வரை படிக்கிறவள், அம்மையாரை விட்டால், நீ ஒருத்திதானே இப்போது. மேலே வா அக்கா.

வருகிறாள்! வழி விடுங்கள், கீழே ஒயர் கிடக்கிறது. பழைய மிக்சியைத் தலைவர் மடியில் வைக்கிறாள். என் பக்கம் திரும்புகிறாள். சத்தம் போடாதீர்கள். மைக்கை நீட்டுகிறேன்.

“புதுசுல அரைக்கலாமா? எழுத்துல குடுடா. பெருசா.”

தருகிறேன் அக்கா! எனக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பதாகையைத் திருப்பிப் போட்டு, அதன் அகலம் முழுக்க எழுதித் தருகிறேன்: ‘அரைக்கலாம்!’ பின்வரிசைத் தாய்மார்களுக்குத் தெரிகிறதா? கண்ணாடி இல்லாமலே தெரிகிறதா? அதுதான் அம்மையாரின் நானூறு பக்கம்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், வேறு வழியின்றிக் கேட்ட தலைவருக்கும் என் நன்றி. நாளை எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. இன்னும் பேசலாம், ஆனால் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, “சாப்டியாடா?” என்கிறாள். யார் வீட்டுப் புது அட்டையிலோ இருபத்து மூன்றையும் படித்திருக்கிறாள். நான் போய்ப் பதில் சொல்ல வேண்டும். வணக்கம்!