ஏரிக்கு அந்தப் பக்கம்

எங்கள் வளாகத்தில் கொசு கிடையாது. கொல்கத்தாவில் மூன்று ஏரிகளுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. வருஷத்துக்கு இரண்டு தடவை லாரியில் மீன்குஞ்சு கொண்டுவந்து விடுகிறார்கள். அது புழுவையெல்லாம் தின்றுவிடுகிறது. பதினொரு டவர், ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு மாடி, நடுவில் இயந்திரம் வைத்துத் தோண்டிய மூன்று ஏரி. வந்த புதிதில் சொந்தக்காரர்களிடமெல்லாம் போனில் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வசுமதி. வயது எழுபத்தொன்று. முப்பத்து மூன்று வருஷம் மத்திய சர்க்கார் ஆபீஸில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றேன். வங்காளியில் எனக்குக் காய்கறிக்காரரோடு சண்டை போட வரும். ஆங்கிலத்தில் ஆபீஸ் கடிதம் எழுத வரும். இதை எழுதத் தமிழ்தான் வேண்டியிருக்கிறது. யாரையாவது வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். தமிழர்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

மேற்குப் படித்துறைக் காவலாளி மதுவைப் பதினொரு நாளாக லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். அவர் தன் இடத்தை விட்டு நகர்ந்ததால்தான் என் கணவர் வைத்தீஸ்வரன் தண்ணீரில் மூழ்கி இறந்தார் என்று வழக்கு. அவரை அங்கிருந்து அனுப்பியது நான்தான் என்று மது சொல்லிப்பார்த்தார். யார் சொன்னாலும் நகர்ந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். வயதானவளால் பிடித்து நிறுத்த முடியாமல் போயிற்று என்று எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மதுவுக்கு நாற்பது வயது, கானிங் பக்கத்தில் வீடு, இரண்டு பெண் குழந்தைகள். அவரை நீங்கள் விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நாற்பத்தொரு வருஷம் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஒரு கப்பல் கம்பெனியில் அதிகாரி. தினமும் விடிந்ததும் கிளம்பி அங்கே இருக்கிற ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மார்க்கெட் வழியாகக் கறிவேப்பிலையோ வாழைப்பூவோ வாங்கிக்கொண்டு வருவார். அதுவும் ஒரு காலத்தில் தோண்டிய ஏரிதான். பழசாகிவிட்டால் எல்லாமே இயற்கையாகிவிடுகிறது. வீட்டுச் சொந்தக்காரர் காலமானதும் அவர் பிள்ளைகள் கட்டடத்தை, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிற புரோமோட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண் ஸ்னேகாதான் இந்த வளாகத்தைத் தேடிப் பிடித்தாள். "லேக் இல்லாம அப்பாவால இருக்க முடியாதும்மா. இங்க மூணு இருக்கு" என்றாள்.

அவருக்கு மறதி அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. இடம் மாறியதும் மளமளவென்று முற்றிவிட்டது. பத்தொன்பதாவது மாடி பால்கனியில் நின்று கீழே தண்ணீரைப் பார்ப்பார். "லேக் இதோ இருக்கே. அப்போ நம்மாத்துக்கு அந்தப் பக்கமான்னா போகணும்? என்னை ஏன் இங்க கொண்டுவந்து வெச்சிருக்கேள்?" என்பார். நான் விளக்குவேன். இது புது வீடு, பழைய வீட்டை இடித்துவிட்டார்கள் என்பேன். இடித்துவிட்டார்கள் என்பது ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுச் செய்தி. ஒரே நாளில் ஏழு தடவை அந்த வீட்டுக்காக அழுதிருக்கிறார்.

மறுத்துப் பேசாதீர்கள், அவர் சொல்வதோடு ஒத்துப்போய்விடுங்கள் என்றார் டாக்டர். நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் அவர் கேட்டபோது, "சரிதான், நம்மாம் லேக்குக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. அப்பறமா போலாம்" என்றேன். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அன்று காப்பியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அதிலிருந்து நான் ஒத்துப்போகிறவளாகிவிட்டேன். இதையெல்லாம் பொய்யில் சேர்க்கக்கூடாது. டாக்டர் சொல்லிச் செய்த வைத்தியம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போயிற்று. நான் சமைக்க வந்த யாரோ ஒரு மாமி. "மாமி, வசு எங்கே போயிட்டா? இத்தனை நாழி வெளியில இருக்க மாட்டாளே" என்று என்னிடமே கேட்பார். நான் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டார், வசு வந்த பிறகுதான் சாப்பிடுவாராம். குளிப்பாட்டப் போனால் வேற்றுப் பெண் என்று கூசிப்போய் அடிப்பார். ஒருமுறை என் மணிக்கட்டு எலும்பில் விரிசல் கண்டது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று ஸ்னேகாவிடம் சொன்னேன்.

அடி வலிக்கத்தான் செய்தது. ஆனால் என்னை அழவைத்தவள் அந்த வசுதான். அவள் வைக்கிற வற்றல் குழம்பு, அவள் தலைமுடி, அவள் கோபித்துக்கொண்டால் இரண்டு நாள் பேசமாட்டாள் என்பது, எல்லாவற்றையும் அவர் மாமியிடம் சொன்னார். நாற்பத்தாறு வருஷத்தில் என்னிடம் இத்தனை ஆசையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுவேன்.

ஸ்னேகா ஜாதவ்பூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒரு பெரியவரைப் பழைய துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். அவர் முடிச்சு எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டே இருந்தார். நன்றி சொல்லிவிட்டு ஆட்டோவில் திரும்பினேன். என்ன செய்வது என்று அந்த ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டேன். அது செப்டம்பர் மாதம்.

எங்கள் வளாகத்துக்கென்று தனியாக துர்கா பூஜை உண்டு. தசமியன்று சிலையை நடு ஏரியின் மேற்குப் படித்துறையில் கரைப்பார்கள். அத்தனை பெரிய சிலையைக் கம்பி வேலிக்கு மேலாகத் தூக்க முடியாது என்பதால் படித்துறைக்கு எதிரே பன்னிரண்டடி வேலியைக் கழற்றிவிடுவது வழக்கம். தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை முடிந்துதான் திரும்ப மாட்டுவார்கள். அதுவரை அங்கே ஒரு காவலாளி நிற்பார். குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதங்கள் எழுதிக்கொடுப்பவள் நான். அந்த எச்சரிக்கைப் பலகையின் வாசகமும் என்னுடையதுதான். ஐந்து படிகளுக்குப் பிறகு பதினான்கடி ஆழம், குழந்தைகளையும் முதியவர்களையும் தனியே விடாதீர்கள் என்று எழுதினேன். அதையே வங்காளியிலும் இந்தியிலும் போட்டு ஒட்டினார்கள்.

தசமிக்கு மறுநாளிலிருந்து ஒன்பது நாள் அவரைக் காலையில் அங்கே அழைத்துப்போனேன். எதிர்க்கரையில் ஏழாவது டவரின் தரைத்தளத்தில் பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு தெரியும். "அதோ பாருங்கோ, நம்மாத்து வாசல்" என்று காட்டினேன். முதல் நாள் அவர் கவனிக்கவே இல்லை. நான்காம் நாள் அவரே விரல் நீட்டிக் காட்டினார். எட்டாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் காலை வைத்தார். மது ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அவர் கவனமான காவலாளி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறென்றால் எங்கள் வளாகத்தில் ஏழரைக்கு முன்னால் யாரும் நடக்க வருவதில்லை. ஆறேகால் மணிக்கு மதுவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். இவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, மேலே போய்ச் சக்கர நாற்காலியைக் கொண்டுவர வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். ஆனால் என்னை மாஷிமா என்று கூப்பிடுகிறவர், பெரியம்மா பேச்சை எப்படித் தட்டுவது? "மேஷோமோஷாய்கே தோரே ராக்பேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டே இருங்கள் என்றார். லிஃப்டில் போய்த் திரும்பப் பத்து நிமிஷமாகும். முந்தின வாரமே கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தேன்.

கையை விட்டேன். "கிளம்புங்கோ, நாழியாச்சு. நேரா போனா நம்மாத்து வாசல்" என்றேன். நான் தள்ளவில்லை. உங்கள் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டிலும் காயம் எதுவும் இருக்காது. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரேதான் இறங்கினார்.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அவர் கஷ்டம் பொறுக்காமல் செய்தது போல இருக்கிறது. ஸ்னேகா என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா லேக்குக்குப் போறதா நெனச்சுண்டே போயிட்டார்மா. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று அழுதாள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்துவிடலாம். ஆனால் பாதியை எழுதிவிட்டு மீதியை மறைத்தால், மதுவுக்காக எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்றாவது படியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். மாமியைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"வசு," என்றார். "இது நம்ம லேக் இல்லையேடி. தண்ணி ஜில்லுனு இருக்கு. மேல வந்துடட்டுமா?"

எட்டு மாதம் அந்தப் பெயருக்காகக் காத்துக் கிடந்தேன், ஐயா. இரண்டு படி இறங்கினால் கை எட்டிவிடும். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் மறுபடி மாமியாகிவிடுவேன், வசு எங்கே என்று என்னிடமே கேட்பார், நாளை திங்கட்கிழமை, அப்புறம் செவ்வாய்க்கிழமை என்றெல்லாம் தோன்றியது. மது நாற்காலியோடு வந்துவிடுவார் என்றும் தோன்றியது. நான் ரொம்பக் களைத்திருந்தேன்.

"நம்ம லேக்தான். நீங்க முன்னாடி போங்கோ, நான் பின்னாலேயே வரேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். நான் சொல்லி அவர் மறுத்ததே கிடையாது. நான்காவது படி, ஐந்தாவது படி. அதன் பிறகு ஒருமுறை கை மட்டும் மேலே வந்தது. நான் படித்துறையில் உட்கார்ந்து, தண்ணீர் அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மது வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் கத்தினேன்.

என் கணவர் வைத்தீஸ்வரனைக் கொன்றவள் நான். மதுவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்னைப் பற்றி உங்கள் காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், புருஷனை ஏமாற்றியவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பின்னாலேயே வருகிறேன் என்றேனே, நாற்பத்தாறு வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.