சூடு போகும் வழி

கிராபிக்ஸ் கார்டைக் கருக்கிவிடுகிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள். எங்கள் அறையில் ஓடிய ஆறு கார்டுகளில் ஒன்றுகூடக் கெடவில்லை, ஐயா. உங்கள் ஆட்களே பார்த்திருப்பார்கள். கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கு மேல் அவற்றைப் பத்திரமாக ஓட்டியவன் நான். நானே எழுதித் தருகிறேன் என்று இந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது.

கற்றுக்கொடுத்தவன் தம்பி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு மூட்டை தூக்கி அவனை ஆளாக்கினேன். முதுகு போனதும் தூக்க முடியவில்லை. அப்போது அவன் அந்த அறையை வாடகைக்குப் பிடித்து என்னையும் கூட வைத்துக்கொண்டான். "இது நம்ம ரெண்டு பேரு கடைண்ணே" என்றான். விளம்பரப் படம் எடுப்பவர்கள் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கும் அந்தக் கார்டுகள் கணக்குப் போட்டு அதைப் படமாக்கித் தரும். சீக்கிரம் முடித்தால் அடுத்த வேலை வரும். வேகத்தைக் கூட்டியது அதற்காகத்தான்.

திரையின் ஓரத்தில் 'வேகம்', 'சூடு' என்று இரண்டு சீட்டு எழுதி ஒட்டினான். நான் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவை அவைதான்.

"மாட்ட விரட்டற மாதிரி விரட்டாதண்ணே," என்பான். "கொஞ்சமா ஏத்து. கஷ்டமான வேலையக் குடுத்து ஓட விட்டுப் பாரு. தாங்குச்சுன்னா இன்னும் கொஞ்சம். திரையில புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அது கத்துதுன்னு அர்த்தம். உடனே ஒரு படி இறங்கிடு."

வோல்டேஜில் கை வைக்கவே கூடாது என்பான். இன்றுவரை நான் வைத்ததில்லை.

ஒன்று மட்டும் நானாகப் புரிந்துகொண்டேன். கார்டு சூட்டை விழுங்காது, வெளியே தள்ளிவிடும். தள்ளிய சூடு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அதற்காகச் சுவரில் பெரிய விசிறி வைத்து, அதிலிருந்து ஒரு தகரக் குழாயைப் பக்கத்துச் சாமான் அறை வழியாகத் தெருப்பக்கம் கொண்டுபோயிருந்தோம். சாமான் அறை சின்னது, ஜன்னல் கிடையாது. தம்பிக்கு ஒற்றைத் தலைவலி. மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு அங்கேதான் இருட்டில் படுப்பான்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர், வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கார்டுகளின் வேகத்தைப் பார்த்து அசந்துபோய், "இவ்வளவு நிதானமா யாரு செட் பண்ணது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றான் தம்பி.

"அப்ப இவரு?"

"தூசி தட்ட வெச்சிருக்கோம்."

கையில் துணியோடு நின்றிருந்தேன். அண்ணன் என்றுகூட அவன் சொல்லவில்லை. அவர் போன பிறகுதான் கடையை மெஷின்களோடு அவருக்கு விற்றுவிட்டான் என்று தெரிந்தது.

"விக்கிற நேரத்துல கதை எதுக்குண்ணே?" என்றான். "உன்னையும் வேலைக்கு வெச்சுக்கச் சொல்லியிருக்கேன்ல."

"அப்ப மெஷினோட சேத்து என்னையும் வித்துட்டியாடா?"

"சேத்துதான். ஆனா உனக்கு மட்டும் கேரண்டி இல்லன்னு சொல்லிட்டேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அன்று ராத்திரி அவனுக்குச் சோறு போட்டதும் நான்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் படுத்தான். தூங்கியதும் உள்ளே போய்த் தகரக் குழாயின் இணைப்பைக் கழற்றினேன். அவனுக்கும் கொஞ்சம் வேர்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆயுசு முழுக்க வேர்த்தவன் நான், வேர்வையால் ஒருவனும் செத்துப் பார்த்ததில்லை. கதவு காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாது என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஆறு கார்டுக்கும் இருப்பதிலேயே கனமான வேலையைக் கொடுத்தேன்.

அவசரப்படவில்லை. கொஞ்சம் ஏற்றினேன், பார்த்தேன். தாங்கியது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். புள்ளி எதுவும் தெரியவில்லை. எந்தக் கார்டும் எண்பது டிகிரியைத் தாண்டவில்லை. அவன் சொல்லிக்கொடுத்தபடிதான் ஒவ்வொன்றும் நடந்தது. எங்காவது ஒரு புள்ளி தெரிந்திருந்தால் ஒரு படி இறங்கியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் வேகத்தைக் குறைத்தேன், கார்டுகளை ஆற விட்டேன், துணி எடுத்துத் தூசி தட்டினேன். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தேன். கதவை ஒட்டிக் கிடந்தான். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

கடையை வாங்கிய அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள், கார்டுகள் இப்போதிருக்கும் வேகத்தில் நெடுநாள் உழைக்கும். நிதானமாகச் செய்த வேலை அது.

அவன் கதவைத் தட்டியது கேட்கவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விசிறி முழு வேகத்தில் ஓடும்போது அங்கே எதுவும் கேட்காது, ஐயா. நீங்களே ஓட விட்டுப் பாருங்கள். அவன் முதல் தடவை தட்டி, "அண்ணே" என்று கூப்பிட்ட பிறகுதான் அதை முழு வேகத்துக்கு ஏற்றினேன்.