மைனிமேடு

உரிக்கிற கை வெங்காயத்த உரிக்கட்டும். காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்க. நாளைக்குக் கோயில்ல ஊருக்கெல்லாம் சோறு போடுற அசனத்துக்கு வாசல்ல சீட்டு கேக்கப் போறீங்களாமே, அதனால இன்னைக்கு இதைச் சொல்லியே ஆகணும்.

அது ஒரு காலம். நம்ம செம்மணல் தேரியில இன்னைக்கு நிக்கிற பனைக்கெல்லாம் பாட்டன் பனை நின்ன காலம். அப்போ இந்த ஊருக்குப் பேரு பொட்டல்விளை. இருபது குடிசை, ஒரு ஓலைக் கோயில், ஒரு உவர்க்கிணறு, அவ்வளவுதானாம். ஊரு பூரா பனையேறிங்க. ஊரு பூரா அப்பத்தான் கிறிஸ்து வேதத்துக்கு வந்திருந்தாக.

அந்த ஊருல ஞானப்பூன்னு ஒருத்தி இருந்தாளாம். வேதக்கண்ணுன்னு ஒரு பனையேறிக்கு வாக்கப்பட்டவ. ரெண்டு பிள்ளைங்க. இங்க உக்காந்து வெங்காயம் உரிக்கிறதுல பாதிப்பேரு அந்த ரெண்டு பிள்ளை வழியில வந்தவங்கதான். அதனால நான் அவளைத் திட்டினா நம்மளத் திட்டினதா எடுத்துக்கிடுங்க.

ஞானப்பூ நல்லவ. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கெட்டவளா இருந்திருந்தா இந்தக் கதைய யாரு ஞாபகம் வச்சிருப்பா?

பிடி அரிசி போடுறது உங்களுக்குத் தெரியும். உலையில அரிசி போடுததுக்கு முன்னால ஆண்டவரை நினைச்சு ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்துல போடணும். கலயம் நிறைஞ்சா கோயிலுக்குக் கொண்டு போகணும். அது ஏழைகளுக்கு. இந்தப் பழக்கத்தை நம்ம ஊருக்குக் கொண்டு வந்தவரு அந்தக் காலத்துல கோயில்ல வேதம் சொல்லிக்குடுத்த உபதேசியாராம். அவரு சொன்ன சட்டம் ஒண்ணே ஒண்ணு. போட்ட கை எடுக்கக் கூடாது. அவசரத்துக்கு எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்னு நினைச்சா கலயம் ஒருநாளும் நிறையாதும்மா, அதனால போட்ட கை எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சாராம். அவரு சொன்னதுலயும் தப்பில்ல. இந்தக் கதையில தப்பானவங்களத் தேடினா யாருமே கிடைக்க மாட்டாங்க. ஒரு ஆளு செத்தது மட்டும் கிடைக்கும்.

மத்தவங்க பிடின்னா விரலை மடக்கிச் சின்னதா எடுப்பாங்க. ஞானப்பூ பிடி பெரிய பிடியாம். நாலு பேரு சாப்பிடுற வீட்டுல, தன் பங்குலதான் அதைக் குறைப்பாளாம். ஞாயித்துக்கிழமை கோயில்ல கலயத்த அளக்கும்போது, வேதக்கண் வீட்டுக் கலயம் தலை தட்டி நிறைஞ்சிருக்குன்னு உபதேசியார் சொல்லுவாராம். அப்போ அவ முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்குவாளாம். சந்தோசம் இருக்கும்லா. இருக்கட்டும், வயித்தக் காயப்போட்டு வாங்கின பேருதானே அது.

அப்பத்தான் அந்த வருசம் வந்தது. மழை பேயல. பனையில பதனி வத்திப் போச்சு. பதனி இல்லன்னா கருப்பட்டி இல்ல, கருப்பட்டி இல்லன்னா அரிசி இல்ல. அம்பது பனை ஏறின வேதக்கண்ணு, அடுத்த ஊருல கிணறு வெட்டப் போயி, கூலிக்குக் குருணை வாங்கிட்டு வருவானாம். குருணைக் கஞ்சி, தண்ணி பாதி, குருணை பாதி. அந்தக் குருணையிலயும் ஞானப்பூ பிடி எடுத்துப் போட்டாளாம். பஞ்சத்துல போடுறதுதான் காணிக்கைன்னு சொல்லுவாளாம்.

வேதக்கண்ணுக்கு ஒரு அக்கா உண்டு. பேரு செல்லக்கனி, ஞானப்பூவுக்கு மைனி. அம்மா செத்த பிறவு அவனை இடுப்புல வச்சு வளத்தவ அவதான். தன் கஞ்சியில பருக்கைய அவனுக்கு அரிச்சுப் போட்டுட்டு, தண்ணிய அவ குடிப்பாளாம். தேரிக்கு அந்தப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தது. புருசன் பனையில இருந்து விழுந்து செத்துட்டான். பிள்ளை குட்டி கிடையாது. தனியா ஓலைப்பெட்டி முடைஞ்சு பொழைச்சா.

ஒரு வியாழக்கிழமை. உச்சி வெயிலு. அந்தச் செல்லக்கனி தேரி மணலத் தாண்டி நடந்தே வந்து சேந்தாளாம். வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல அசனம். ஞானப்பூ வீட்டுக் கலயம் அன்னைக்குத்தான் தலை தட்டி நிறைஞ்சிருக்கு.

செல்லக்கனி கையில ஒரு ஓலைப்பெட்டி. மேல துணி போட்டு மூடி, நல்லாக் கட்டியிருந்தா. தம்பி வீட்டுக்கு வெறுங்கையா வரலாமா? ஞானப்பூ அந்தப் பெட்டியப் பாத்தா. துணி கட்டியிருந்ததப் பாத்தா. மைனி வீட்டுல ஏதோ இருக்கு போல, பிள்ளைகளுக்குக் கொண்டு வந்திருக்காகன்னு நினைச்சா.

"வாங்க மைனி. சாப்பிட்டியளா?"ன்னு கேட்டாளாம்.

இங்கதான் கவனிக்கணும். இதைப் பின்னால அவளே வாய் விட்டுச் சொன்னதுனாலதான் நமக்குத் தெரியும். அடுப்புல மத்தியானக் கஞ்சி தீந்து போச்சு. சாயங்காலத்துக்கு வேதக்கண்ணு கூலி கொண்டு வந்தாத்தான் உலை. ஆச்சுன்னு சொல்லணுமே, மைனி ஆச்சுன்னு சொல்லணுமேன்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டேதான் அவ அந்தக் கேள்வியக் கேட்டாளாம். நாமளும் அப்படித்தானே கேக்கோம். இல்லன்னு பொய் சொல்லாதீங்க.

"ஆச்சு பிள்ள. கூழு குடிச்சிட்டுத்தான் கிளம்பினேன்"னு செல்லக்கனி சொன்னா.

அவ சாப்பிட்டு மூணு நாளு.

பெட்டியப் பிரிச்சா. உள்ள அரைத்துண்டு கருப்பட்டி. அதை ரெண்டா உடைச்சுப் பிள்ளைங்க கையில குடுத்தா. பிள்ளைங்க சப்புறத அவ பாத்துக்கிட்டே இருந்தாளாம். தம்பி எப்ப வருவான்னு கேட்டா. பொழுது சாயுத நேரம் வருவாகன்னு ஞானப்பூ சொன்னா. சரி, அவன் வரட்டும், பாத்துட்டுப் போறேன்னு சுவர்ல சாஞ்சு உக்காந்தாளாம். தம்பிகிட்டச் சொல்லிக்கலாம்னு வந்திருப்பா. தம்பி பொண்டாட்டிகிட்ட அதை எப்படிச் சொல்லுவா?

உக்காந்த கண்ணுக்கு எதிர்த்தாப்புல, மூலையில கலயம். தலை தட்டின கலயம். கொஞ்ச நேரம் பாத்திருக்கா. அப்புறம் மெதுவா வாய் திறந்தா.

"கலயத்துல என்ன பிள்ள, அரிசியா?"

ஞானப்பூவுக்குப் பொய் சொல்ல வராது. அரிசின்னுதான் சொன்னா. சொல்லிட்டு, எடுத்து உலை வச்சிருவோமான்னு ஒரு நிமிசம் மனசு போச்சாம். ஆனா போட்ட கை எடுக்கக் கூடாதே. அதோட இன்னொரு நினைப்பு. இது ஏழைகளுக்குன்னு எடுத்து வச்சது. இதுல பொங்கி மைனிக்குப் போட்டா, புருசனோட அக்காவப் பிச்சைக்காரின்னு சொன்ன மாதிரி ஆயிருமே. மைனி சொந்தம்லா. மைனி எப்படி ஏழை ஆவாக?

"அது ஏழைகளுக்கு மைனி"ன்னு சொன்னாளாம்.

செல்லக்கனி கலயத்தையே பாத்துக்கிட்டு இருந்தா.

"ஏழைகளுக்கா? நல்லது பிள்ள."

அவ்வளவுதான். நானும் ஏழைதான் பிள்ளைன்னு தம்பி வீட்டுல உக்காந்துகிட்டு எந்த அக்கா சொல்லுவா? உங்கள்ள யாராவது சொல்லுவீங்களா?

கொஞ்ச நேரத்துல, வெயிலு தாழ்ந்துட்டு, நான் நடையக் கட்டுதேன்னு எந்திரிச்சுட்டாளாம். வெயிலு தாழவே இல்ல. தம்பி வந்துரட்டும் மைனின்னு ஞானப்பூ சொல்லிப் பாத்தா. இன்னொரு நாள் வாறேன்னுட்டா. பெட்டிய வெறும் பெட்டியாத் திருப்பி அனுப்பக் கூடாதுல்லா, அது மரியாதை இல்லையே. ஞானப்பூ ஓடிப் போயி முத்தத்து முருங்கையில கீரை ஒடிச்சு, பெட்டி நிறைய அமுக்கி, துணியக் கட்டிக் குடுத்தாளாம். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கல.

பொழுது சாய வேதக்கண்ணு வந்தான். அத்தை கருப்பட்டி தந்தாகன்னு பிள்ளைங்க சொல்லுச்சு.

எவ்வளவு கொண்டு வந்தான்னு கேட்டான். அரைத்துண்டுன்னு ஞானப்பூ சொன்னா.

அரைத்துண்டுன்னு கேட்டதும் அவன் மடியில இருந்த குருணைய அப்படியே அவ கையில போட்டுட்டு வெளிய ஓடினானாம். அவனுக்குத் தெரியும். ஒரு பெட்டிக்குக் குறைஞ்சு அவன் அக்கா தம்பி வீட்டுக்குக் கொண்டு வந்ததே இல்ல.

தேரி ஏறுத இடத்துல, மணல்மேட்டுல, ஒரு உடைமரம். அதுக்கடியில அக்கா படுத்திருந்தா. பக்கத்துல பெட்டி, துணி மடிச்சு மேல வச்சிருந்தது. கீரையெல்லாம் உருவித் தின்னிருக்கா. ஈர்க்கு மட்டும் மணல்ல கிடக்கு. வாயெல்லாம் பச்சை. கடைசிப் பிடிக் கீரை முழுங்க முடியாம வாயிலேயே இருந்துச்சாம்.

தூக்கிட்டு வந்து முத்தத்துல கிடத்தினான். ஞானப்பூ அந்த வாயப் பாத்தா. வேதக்கண்ணு அழவும் இல்ல, அடிக்கவும் இல்ல. ரெண்டே கேள்விதான் கேட்டானாம்.

"எங்க அக்கா உங்கிட்டச் சோறு கேட்டாளா?"

"கேக்கல."

"நீ போட்டியா?"

மூலையில கலயம் நிறைஞ்சு இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை அடக்கம். அந்த மேட்டுலயே அடக்கினாங்களாம். ஞாயித்துக்கிழமை வந்தது. அசனத்துக்கு எல்லார் கலயமும் கோயிலுக்குப் போச்சு. ஞானப்பூவும் கொண்டு போனா. உபதேசியார் அளந்தாரு. இந்தத் துக்கத்துலயும் வேதக்கண் வீட்டுக் கலயம் தலை தட்டி நிறைஞ்சிருக்கு, இவளப் பாருங்கன்னு சொன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு, பாவம்.

ஞானப்பூ எந்திரிச்சா. பொம்பளைங்க கோயில்ல வாய் திறக்காத காலம் அது.

"ஐயா, இந்த அரிசி ஏழைகளுக்குத்தானே?"

ஆமாம்மான்னாரு.

"ஏழை வியாழக்கிழமையே வந்துட்டாக ஐயா. நான் கீரை ஒடிச்சுக் குடுத்து அனுப்பிட்டேன்."

சொல்லிட்டுக் கலயத்துக்குக் கைய நீட்டினாளாம். ஏம்மா, போட்ட கை எடுக்கக் கூடாதேன்னாரு உபதேசியாரு. ஞானப்பூ வலது கையப் பின்னால முதுகுல மடக்கி வச்சுக்கிட்டா. போட்ட கை இது, இது எடுக்கல ஐயான்னு சொல்லிட்டு, இடது கையால கலயத்தத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வெளிய நடந்துட்டாளாம். ஒருத்தரும் தடுக்கல.

மேட்டுல கல்லக் கூட்டி அடுப்பு வச்சா. கலயத்து அரிசி பூராவும் பொங்கினா. பொங்கி, உடைமரத்தடியில இலையப் போட்டுக்கிட்டு உக்காந்தா. ஊருல யாரும் போகல. செத்த இடத்துச் சோறுன்னு பயம். கோயில்ல அசனச் சோறு தின்னுட்டு எல்லாரும் கை கழுவுறது மேட்டுல இருந்து பாத்தா தெரியும். அவ சோறு ஆறிப்போச்சு. பாதிய எறும்பு இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லுவாக. அவளும் ஒரு வாய் திங்கல.

மறுநாள் தன் பங்குக் குருணையக் கொண்டு போயி அங்கேயே உலை வச்சா. அன்னைக்கு உப்பு சுமந்துகிட்டுப் போன ரெண்டு பேரு, மேட்டுல நிழலுக்கு ஒதுங்கினாங்களாம். ஞானப்பூ ஒண்ணும் கேக்கல. யாரு, எந்த ஊரு, என்ன சாதி, சாப்பிட்டாச்சா, ஒண்ணும் கேக்கல. இலையப் போட்டா. சோத்தப் போட்டா. அவுங்க தின்னு முடிக்கிற வரைக்கும் அவுங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தாளாம்.

அப்படியே முப்பது வருசம் போச்சாம். மழை பேஞ்சு பஞ்சம் தீந்த பிறவும் நிப்பாட்டல. வழிப்போக்கங்க மைனிமேட்டுல சோறு கிடைக்கும்னு பேசிக்கிட்டே வருவாகளாம். தின்னவங்க யாராவது, மகராசி நல்லா இரும்மான்னு சொல்லிட்டா, உடனே இந்தக் கதைய முதல்ல இருந்து சொல்லுவாளாம். நான் நல்லவ இல்ல ஐயா, கேளுங்கன்னு தொடங்கிச் சொல்லுவாளாம். அவ வாயில இருந்துதான் கதை நமக்கு வந்தது.

வேதக்கண்ணு அவளோடதான் இருந்தான். பேசுவான், சிரிப்பான், காய்ச்சல் வந்தா அவளுக்கு மருந்து அரைப்பான். ஆனா அவ கையால ஒரு வாய் அரிசிச்சோறு திங்கல. அவனுக்குக் கூழுதான், கிழங்குதான், சாகுற வரைக்கும். அவ மேல கோவமா மாமான்னு பிள்ளைங்களுக்கு வாக்கப்பட்டு வந்தவ ஒருத்தி கேட்டதுக்கு, கோவம் இல்லம்மா, இறங்க மாட்டேங்குதுன்னு சொன்னானாம். ஊருக்கே சோறு போட்டா. புருசனுக்குப் போடக் குடுத்து வைக்கல. அவ செத்தப்போ எடுத்துப் பாத்தா வலது கை விரல் அஞ்சும் மடங்கித்தான் இருந்துச்சுன்னு சொல்லுவாக. எனக்குத் தெரியாது, கேட்டதச் சொல்லுதேன்.

இப்போ பஸ்சு அங்க நிக்குது. கண்டக்டர் மைனிமேடு, மைனிமேடு எறங்குன்னு கத்துவான். வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க, என்ன பேருடா இதுன்னு. மேட்டுல சிமெண்டுல ஒரு சிலுவை நட்டு, தருமம் செய்த தாய்னு எழுதி வச்சிருக்கோம். அவ படிச்சா அழிச்சிருவா. தருமம் செய்யாததுக்குப் பேருய்யா மைனிமேடு.

நம்ம ஊருல வந்தவங்களப் பாத்துச் சாப்பிட்டாச்சான்னு கேக்க மாட்டோம். முதல்ல இலை, அப்புறம்தான் பேச்சு. பக்கத்து ஊருக்காரங்க நமக்கு மரியாதை தெரியலைன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். அந்த ஒரு வழக்கத்துக்கு ஒரு பொம்பளை பச்சைக் கீரையத் தின்னு செத்திருக்கா.

இப்ப நாளைக்கு அசனம். கூட்டம் அதிகம்னு சீட்டு அடிச்சு வச்சிருக்கீங்க. ஒருத்தன் எங்கிட்டக் கொண்டாந்து காட்டினான். மஞ்சள் சீட்டு விருந்தாளிக்கு. வெள்ளைச் சீட்டு, அதுல 'ஏழைகளுக்கு'ன்னு அச்சடிச்சிருக்கு. கையில சீட்டு இல்லாதவங்கள வாசல்ல நிறுத்தணுமாம், நீங்க ஏழையான்னு கேட்டு வெள்ளைச் சீட்டு குடுக்கணுமாம்.

நாளைக்குத் தேரிப் பக்கம் இருந்து ஒருத்தி வருவா. கையில பெட்டி, மேல துணி கட்டியிருக்கும். நீங்க ஏழையான்னு கேப்பீங்க. அவ என்ன சொல்லுவான்னு உங்களுக்கு இப்போ தெரியும்.

இல்லம்மா, நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்னு சொல்லிட்டு, பஸ்சு நிக்கிற மேட்டுக்குத் திரும்பி நடப்பா.